வெந்நீர் அறையில் மஞ்சள் தீ

பழனியில் இருந்தவரை தேவசேனா அழுதாள். ஊரே பார்க்க, வாய்விட்டு, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். மலையேறி வில்பட்டியில் அண்ணன் வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு அழுகை நின்றுபோனது.

நின்றதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. போகப்போக அதுவே பயமாகிவிட்டது.

போன வாரம் வரை இந்தக் கதையோடு கூடவே வந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியும். இப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்களுக்காக மட்டும் கொஞ்சம் சொல்லிவிடலாம். அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த செந்தில்வேல், ஒருநாள் கடையின் ஷட்டரைத் தூக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். எழுந்திருக்கவில்லை. அவன் மனைவி தேவசேனா, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ரோகிணியைக் கூட்டிக்கொண்டு பிறந்த ஊருக்கு வந்துவிட்டாள். "பேத்தியை எங்களிடம் விட்டுவிடு, நாங்கள் வளர்க்கிறோம்" என்று மாமனார் திருமலைச்சாமி போன் மேல் போன் போட்டார். கடைசியில், கிருத்திகையன்று நேரிலேயே வந்து பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

இன்றுதான் கிருத்திகை.

"தேவசேனா, எந்திரிச்சிட்டியா? அவங்க வர்றதுக்குள்ள வெரசாக் குளிச்சிரு" என்று கதவைத் தட்டினாள் மதினி புவனா. ஏரிக்கரைப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் ரூம் துடைத்துக் கட்டில் விரிக்கும் வேலை புவனாவுக்கு. இன்று லீவு போட்டிருந்தாள்.

தேவசேனா எழுந்தாள். எழுந்தாள் என்றால், உடம்பு எழுந்தது. அதன் பின்னாலேயே அவள் போனாள்.

குளியலறைக் குழாயைத் திருப்பினாள். சுவரில் மாட்டியிருந்த கேஸ் கீசர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டது. பற்றவில்லை. மறுபடி மூடித் திறந்தாள். டிக் டிக். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு டப் என்று ஒரு அதிர்வோடு பற்றிக்கொண்டது.

அண்ணன் முருகானந்தத்துக்கு அந்தக் கீசர் மேல் சொல்ல முடியாத பெருமை. மலையில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கரண்டே வேண்டாத கீசர் என்று டவுனில் ஒரு பழைய லாட்ஜை இடித்தபோது பேரம் பேசி வாங்கி வந்தான். சண்டித்தனம் பண்ணும்போதெல்லாம் பேட்டரியை மாற்றிப் போடுவான். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

கீசரின் முகத்தில் இருந்த சின்னக் கண்ணாடி வழியே தீ தெரிந்தது. வந்த புதிதில் நீலமாகத்தான் எரிந்ததாக ஞாபகம். இப்போது மஞ்சளாக, கார்த்திகை விளக்குப் போல ஆடி ஆடி எரிந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. மேலே சுவரெல்லாம் கரி. புவனா வாரா வாரம் சோப்புப் போட்டுத் தேய்ப்பாள். அடுத்த வாரமே அது திரும்பி வந்துவிடும்.

உயரத்தில் இருந்த வென்டிலேட்டரில் உரச்சாக்கை மடித்து இறுக்கமாகத் திணித்திருந்தார்கள். அதுவும் புவனாவின் கைவேலைதான். குளிர்காலத்தில் மேல்மலை வீடுகளில் இது வழக்கம். பனி உள்ளே இறங்காமல் இருக்க, கிடைத்த இடுக்கிலெல்லாம் சாக்கையும் துணியையும் அடைத்துவிடுவார்கள். இத்தனை வருஷம் பழனி வெயிலில் கிடந்துவிட்டு வந்த நாத்தனார், குளித்துவிட்டு வெடவெடவென்று நடுங்குவதைப் பார்த்து மனசு கேட்காமல் புவனா அடைத்தாள். விறகடுப்பில் வெந்நீர் வைத்த காலத்து வழக்கம், கீசர் வந்த பிறகும் அப்படியே தொடர்ந்தது. யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. மற்றவர்கள் அவசரமாகக் குளித்துவிட்டு வந்துவிடுவார்கள்; தண்ணீரைத் திறந்துவிட்டு நேரம் போவது தெரியாமல் நின்றது தேவசேனா மட்டும்தான்.

குளித்துவிட்டு வந்தபோது நெற்றியைச் சுற்றிப் பட்டை கட்டி இறுக்கினாற்போல் இருந்தது. இது தினமும் வருவதுதான். காதுக்குள் இரைச்சல். புவனா ஏதோ கேட்டாள், எங்கோ தூரத்தில் கேட்டது.

"என்ன மதினி?"

"காப்பி வேணுமான்னேன்."

வேண்டுமா, வேண்டாமா என்று தேவசேனா யோசித்துப் பார்த்தாள். பதில் கிடைக்கவில்லை.

இவளைத்தான் டாக்டரிடம் காட்டலாமா, குறி சொல்லும் கோடாங்கியிடம் காட்டலாமா என்று புருஷனும் பெண்டாட்டியும் ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். துக்கம் உள்ளுக்குள்ளேயே தங்கிவிட்டது என்றாள் புவனா. பித்தம் என்றான் முருகானந்தம். தேவசேனாவுக்கும் தெரியும், தன்னிடம் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று. அது புருஷனோடு போனது என்று நினைத்துக்கொண்டாள். வேறு எதையும் நினைக்க அவளுக்குத் தெம்பில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி, மாமனாரும் மாமியாரும் ஆட்டோவில் வந்து சேர்ந்தார்கள்.

"வாங்க மாமா, வாங்க அத்தை. வளைவு ரொம்பப் படுத்திருச்சா?" என்று முருகானந்தம் பையை வாங்கிக்கொண்டான்.

"எனக்கு வளைவெல்லாம் ஒண்ணும் செய்யாது தம்பி" என்றாள் மாமியார் முருகேஸ்வரி. "வழி நெடுக வேடிக்கை பாத்துட்டுத்தான் வந்தேன். உங்க மாமாவும் இன்னிக்கு என்னமோ திடமாத்தான் வந்தாரு."

"அய்யன் புண்ணியம்" என்றார் திருமலைச்சாமி.

வீட்டில் சாவு விழுந்த வருஷம், கோயில் மலை ஏறக் கூடாது. அதனால் இந்தக் கிருத்திகைக்கு அவர்கள் முருகனைப் பார்க்கவில்லை. ஆனால் தலைக்குக் குளிக்காமல் பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டார்கள். இருட்டோடு கிளம்பியதால் வீட்டில் குளிக்கவும் முடியவில்லை.

"சுடுதண்ணிக்குக் காத்திருக்கிற சோலியே இல்லீங்க மாமா. திருப்புனா வரும்" என்று முருகானந்தம் குளியலறையைக் காட்டினான்.

மாமனார் குளித்தார். அடுத்து மாமியார் குளித்தாள். அவளுக்குத் தலைமுடி இன்னும் இடுப்பு வரை. வெந்நீரைக் கண்டுவிட்டால் சீக்கிரத்தில் வெளியே வர மனசு வராது. இடையில் கீசர் இரண்டு தடவை நின்றுபோய், டப் டப் என்று பற்றியது. கூடத்தில் உட்கார்ந்திருந்த ரோகிணிக்கு ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப்போட்டது.

பிறகு பேச்சு ஆரம்பித்தது.

"ஒன்னயக் கொற சொல்ல வரல தாயி" என்றார் திருமலைச்சாமி. நெற்றியில் விபூதி ஈரமாக இருந்தது. ஏனோ கண்ணை இடுக்கிக்கொண்டு பேசினார். "ஆனா நாங்க கேள்விப்படுறது நல்லா இல்லியே."

"பாலை அடுப்புல வச்சுட்டு, பக்கத்துலயே நின்னு அது பொங்குறதப் பாத்துட்டிருந்தியாமே" என்றாள் முருகேஸ்வரி. "பிள்ளைய ஸ்கூல்ல இருந்து கூப்பிடப் போகணுங்கிறதே மறந்துட்டியாம். வாட்ச்மேன் கூட்டிட்டு வந்து விட்டாராம்."

உண்மைதான். தேவசேனா மறுக்கவில்லை.

"அவளுக்குக் கொஞ்சம் டைம் குடுங்க அத்தை" என்று புவனா இடையில் வந்தாள்.

"குடுத்தோமேம்மா. பேசுனா பதில் சொல்றாளா பாரு. என் மகன் போனதுல எனக்கு மட்டும் வருத்தமில்லையா? நான் எந்திரிச்சுச் சோறாக்கலையா?" சொல்லும்போதே முருகேஸ்வரிக்குக் குரல் உடைந்தது. நெற்றிப்பொட்டை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டாள். "அவன் பிள்ளையாவது எங்க கண்ணு முன்னாடி இருக்கட்டும்."

ரோகிணி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். செந்தில்வேலின் காதும் புருவமும் அவளுக்கு. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வையை தேவசேனா கண்டாள். 'முடியாது' என்று ஒரு சொல் சொன்னால் போதும், அதுவும் தெரிந்தது. எங்கே அந்தச் சொல் என்று உள்ளே தேடினாள். உள்ளே பஞ்சு அடைத்துக் கிடந்தது. என்னால் ஆகாது, பாலைக்கூடப் பார்க்கத் தெரியாத நான் இவளை எப்படிப் பார்ப்பேன் என்ற ஒரே எண்ணம்தான் கைக்கு அகப்பட்டது.

"கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

எளிதில் கிடைக்காது என்று நினைத்து வந்தது சட்டென்று கிடைத்ததில் மாமனாரே தடுமாறிப்போனார். "தேவசேனா!" என்று முருகானந்தம் அதட்டினான். அவள் அவனையும் வெறுமனே பார்த்தாள்.

ரோகிணி அழவில்லை. "எப்போ போகணும்?" என்று கேட்டாள்.

"இன்னிக்கே கண்ணு. குளிச்சிட்டுக் கெளம்பு. மத்தியான பஸ்ஸுக்குப் போயிரலாம்" என்றாள் முருகேஸ்வரி.

"வா, நான் குளிப்பாட்டி விடுறேன்" என்று தேவசேனா எழுந்தாள்.

"வேணாம். நானே குளிச்சுக்குவேன்."

குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

தேவசேனா பிள்ளையின் துணிகளை எடுக்கக் கொல்லைப்பக்கம் போனாள். பனி இன்னும் விலகவில்லை. எதிர்ச் சரிவில் முருகானந்தத்தின் பூண்டுக் காடு இருக்கும் இடமே தெரியவில்லை. குளிர்காற்று முகத்தில் அறைந்தது. கொடியில் இருந்து பள்ளிச் சட்டையை உருவினாள், பாவாடையை உருவினாள். அவற்றை மடிக்கவும் செய்தாள். பழனியில் வேறு பள்ளிக்கூடம், வேறு யூனிபார்ம் என்று தோன்றியது. அப்போதும் கை மடித்துக்கொண்டே இருந்தது.

பின்னாலேயே முருகேஸ்வரி வந்து, துணி துவைக்கும் கல்லில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"என்னமோ தெரியல தேவசேனா, காதுக்குள்ள ஒரே இரைச்சல். நெத்தியில பட்டை கட்டி இறுக்குன மாதிரி இருக்கு. நீங்க பேசுறதெல்லாம் எங்கியோ தூரத்துல கேக்குது."

தேவசேனாவின் கை நின்றது. இது அவளுடைய பேச்சு. இதே சொற்களைத்தான் அவள் மதினியிடம் எத்தனையோ காலையில் சொல்லியிருக்கிறாள்.

"மாமாவுக்கு?"

"அவரு அப்பயே படுத்துட்டாரு. கால் வெலவெலங்குதாம், கொமட்டுதாம்."

"வரும்போது நல்லாத்தான இருந்தீங்க?"

"குளிக்கிற வரைக்கும் ஒண்ணுமே இல்ல."

அவள் மெதுவாகத்தான் யோசித்தாள். அந்தத் தலையில் வேகமாக எதுவும் நடக்காது. என் புருஷன் செத்தான், என் தலை இப்படி ஆனது. சரி. மாமாவுக்கும் அத்தைக்கும் மகன் செத்தான். ஆனால் காலையில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது அவர்களுக்கு இது இல்லை. ஒரு குளியலில் என் துக்கம் அவர்களுக்கு எப்படி ஒட்டிக்கொள்ளும்?

முன்னொரு வாரம் சிலிண்டர் தீர்ந்துபோய், அடுத்தது வரும்வரை இதே கொல்லையில் விறகடுப்பு மூட்டி வெந்நீர் வைத்தார்கள். அந்தச் சில நாட்கள் அவளுக்குத் தலைவலி இல்லை. அப்போது ஒரு சாயங்காலம் பூண்டு உரிக்கும்போது செந்தில்வேலை நினைத்துக்கொண்டு அவள் அழுதாள். மலைக்கு வந்த பிறகு அழுதது அந்த ஒரு தடவைதான். புது சிலிண்டர் வந்தது, அழுகை போய்விட்டது.

நிமிர்ந்து பார்த்தாள். குளியலறை வென்டிலேட்டரில் அடைத்த சாக்கின் ஓரமெல்லாம், உள்ளிருந்து கசிந்த கரி கறுப்பாகக் கோடு போட்டிருந்தது. உள்ளே டிக் டிக் என்றது. பிறகு டப். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ரோகிணி!"

பதிலில்லை.

"ரோகிணி, தண்ணிய நிறுத்து! கதவத் தெற!"

தண்ணீர் பாட்டுக்கு ஓடியது. மடித்த துணிகள் மண்ணில் விழுந்தன. துவைக்கல்லில் இருந்த மாமியாரை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, அதன் மேல் ஏறிச் சாக்கைப் பிடித்து இழுத்தாள். ஈரத்தில் ஊறி இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது. வலித்ததா என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. சாக்கு வந்ததும் உள்ளிருந்து ஆவி அவள் முகத்தில் அடித்தது. அதில் எந்த வாசனையும் இல்லை.

"அண்ணே! கதவ ஒடைங்க! அந்தக் கீசரு! எல்லாருக்கும் அந்தக் கீசருதான்!"

முருகானந்தத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தங்கையின் குரலில் உயிர் இருந்ததை அவன் கேட்டான். தோளால் ஒரே இடி. தாழ்ப்பாள் திருகாணியோடு பறந்தது.

ரோகிணி வாளியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை துவண்டு கிடந்தது. கையில் சோப்பு அப்படியே இருந்தது.

தேவசேனா அவளை வாரிக்கொண்டு வெட்டவெளிக்கு ஓடினாள். பனியில், ஈரமண்ணில் மடியில் போட்டுக் கன்னத்தைத் தட்டினாள். புவனா சேலைத் தலைப்பால் சுற்றினாள். முருகானந்தம் சிலிண்டரை மூடினான், ஜன்னல் கதவெல்லாம் திறந்தான், மாமனாரைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தான். பிள்ளைக்கு மூச்சு இருந்தது. மூச்சு மட்டும்தான் இருந்தது. பிறகு ரோகிணி ஒருமுறை உடம்பு குலுங்கி, வாந்தியெடுத்து, முனகினாள்.

பூண்டு மூட்டை ஏற்றும் ஜீப்பில் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

"கேஸ் கீசரா? பாத்ரூம்ல காத்து வர வழி இருந்துச்சா?" என்றுதான் டாக்டரம்மா முதலில் கேட்டார். பிறகு ஒருவர் விடாமல் ஆக்சிஜன் முகமூடி மாட்டச் சொன்னார். "காத்து இல்லாம கேஸ் எரிஞ்சா வர்ற விஷவாயு இது. வாசனையே கிடையாதும்மா, அதான் ஆபத்து. தீ மஞ்சளா எரிஞ்சா, சுவத்துல கரி படிஞ்சா, லேட்டா டப்புனு பத்துனா, அன்னிக்கே அத நிறுத்தியிருக்கணும். குளிச்சா தலை வலிக்குதுன்னா அதுவே பெரிய சிக்னல். பாப்பாவ இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா..." அவர் ரோகிணியின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "பொழைச்சுக்குவா. இன்னிக்கு இங்கயே இருக்கட்டும். உங்களுக்கு எத்தன நாளா தலைவலி?"

"இங்க வந்ததுல இருந்து" என்றாள் தேவசேனா.

"நான்தான சாக்க அடைச்சேன்" என்று புவனா சுவரோரம் குமுறினாள். "குளுருமேன்னு அடைச்சேன்." கீசர் முருகானந்தம் வாங்கி வந்தது. தேவசேனா மதினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதல் சொல்லவில்லை. சொல்லத் தோன்றியதெல்லாம் கோபமாக இருந்தது. கோபம் வருகிறதே என்று அவளுக்கே ஆச்சரியம்.

முகமூடி வழியே மூச்சு இறங்க இறங்க, அடைத்திருந்த பஞ்சு ஒவ்வொன்றாக விலகியது. ஜன்னலுக்கு வெளியே யாரோ சீகை மரக்கிளை வெட்டும் சத்தம் பக்கத்தில் கேட்டது. டெட்டால் வாசனை தெரிந்தது. கூடவே, கடை மூடிவிட்டு வரும் செந்தில்வேலின் கையில் இருக்கும் நெய்யும் ஏலக்காயும் கலந்த வாசனை நினைவுக்கு வந்தது. அவன் இனி வர மாட்டான். இத்தனை நாளும் தெரிந்த சங்கதிதான். இப்போதுதான் அது வலித்தது. தேவசேனா அழுதாள். நர்ஸ் ஓடி வந்து ஏதாவது செய்கிறதா என்று கேட்கும் அளவுக்கு அழுதாள்.

அழுது முடித்துவிட்டு மாமனாரிடம் சொன்னாள். "மாமா, பிள்ளைய நான் அனுப்பல."

"இப்பச் சொல்றியா?" என்று முருகேஸ்வரி முகமூடியைக் கழற்றினாள். "பிள்ள செத்துப் பொழச்ச வீட்டுல மறுபடி விடவா? காலைல ஒன் வாயாலதான சொன்ன? நாங்களா பிடுங்குனோம்?"

"அந்தத் தலையோட சொன்னேன் அத்தை."

"விடு" என்றார் திருமலைச்சாமி மனைவியிடம். "அந்தத் தலை எப்படி இருந்துச்சுன்னு எனக்கும் தெரியும். என் பேரைக் கேட்டிருந்தாலும் யோசிச்சுத்தான் சொல்லியிருப்பேன்." பிறகு மருமகளைப் பார்த்தார். "நாளைக்கு அவ முழிச்ச பெறகு பேசுவோம். நான் ஒண்ணும் விட்டுக்குடுத்துட்டேன்னு நெனைக்காத தாயி."

ரோகிணி தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தேவசேனா கட்டில் ஓரம் உட்கார்ந்து தலையைக் கோதியதும், பிள்ளை முகமூடியைக் கொஞ்சம் தூக்கினாள்.

"அம்மா."

"என்னடா கண்ணு, தலை வலிக்குதா?"

"கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னியே. அது அந்த கேஸ் சொன்னதா, நீ சொன்னியா?"

கேஸ்தான் என்று சொல்ல தேவசேனா வாயைத் திறந்தாள். தலை இப்போது தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவில், காலையில் அந்தச் சொல்லைச் சொன்னபோது மார்பில் இருந்து ஏதோ பாரம் இறங்கியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இறங்கியது சுகமாகத்தான் இருந்தது.

பிள்ளை பதிலுக்குக் காத்திருந்தாள்.